பகையும் பிணியும்

பூண்டுலோயா என்ற பெயரைக் கேட்போர்க்கு முதலில் நினைவிற்கு வருவது தேயிலையாகும். நுவரெலியா மாவட்டத்திலே, கொத்மலை ஓயாவை நோக்கி இறங்கும் சரிவுகளில், டன்சினன் அருவிக்கு அயலில் அமைந்த சிறு நகரமும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களுமே இன்று அப்பெயரால் வழங்குவன. ஆயின் உலகின் பூச்சியியல் நூல்களைப் புரட்டுவோர் இவ்வூர்ப் பெயரைப் பிறிதொரு காரணத்தால் அடிக்கடி எதிர்கொள்வர். செதிற்பூச்சி இனங்கள் பல முதன்முதலாகக் கண்டெடுக்கப்பட்ட இடமாக அந்நூல்கள் பூண்டுலோயாவையே குறிக்கின்றன.

இதற்குக் காரணமானவர் எட்வேட் ஏர்னஸ்ட் கிறீன் என்பவர். 1861 ஆம் ஆண்டு இலங்கையிலே பிறந்த இவர் பூண்டுலோயாவில் தோட்டத்துரையாக இருந்தவர். விளைச்சற் கணக்கும் பேர்க்கணக்கும் பார்க்கவேண்டிய துரை, இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே அவருடைய வரலாற்றின் சிறப்பு. தேயிலைச் செடியைத் தாக்கும் பூச்சிகள் பற்றி 1890 ஆம் ஆண்டில் அவர் எழுதினார். பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளராகப் பணியாற்றினார். இலங்கைச் செதிற்பூச்சிகள் பற்றிய அவருடைய பெருநூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது. கடுகளவேயான உயிர்களுக்கு ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அளித்தார் என்றால், அவ்வுயிர்கள் அத்துணைச் சிறியன அல்ல என்பதே பொருள்.

அவை சிறியன அல்ல என்பதை மலையகம் தன் வரலாற்றின் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாய் வந்த தொழிலாளர் முதலில் நட்டதும் பறித்ததும் தேயிலையன்று, கோப்பியே ஆகும். 1869 ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து சென்ற இலைகளைக் கொண்டு, கோப்பியின் துருநோய்க்குக் காரணமான பங்கசு 'எமிலியா வாசுட்டாட்றிக்சு' எனப் பெயரிடப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுள் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்த கோப்பிச் செய்கை குலைந்தது. துருவிற்குத் தப்பிய செடிகளை மற்றொரு பகை வந்து சூழ்ந்தது. இலை நரம்புகளின் வழியே வரிசையாய் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பச்சைச் செதிற்பூச்சியே அது. 1889 ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயர் சூட்டியவர் கிறீன். கோப்பி வீழ்ந்தபோது வேலையிழந்து ஊர் திரும்பிய குடும்பங்களும், நின்று தேயிலைக்கு மாறிய குடும்பங்களும் இந்நூல்களில் இடம்பெறவில்லை. ஆயினும் அவர்களுடைய விதியை எழுதியவற்றுள் ஒரு பங்கசும் ஒரு பூச்சியும் இருந்தன என்பது மறுக்கவொண்ணாதது.

செடியைப் பூச்சி பிணிப்பதுபோலப் பூச்சியையும் பிணி பிடிக்கிறது. பச்சைச் செதிற்பூச்சியின் உடலைச் சுற்றி வெண்ணிறப் பஞ்சு போன்ற வளையம் ஒன்று சில வேளைகளில் தோன்றும். அது பூச்சியைக் கொல்லும் பங்கசாகும். 1898 ஆம் ஆண்டில் சாவகத் தீவிலே சிமர்மன் என்னும் அறிஞர் இதனை விவரித்தார். அதன் தோற்றம் கருதி இதனை வெண்வளையப் பங்கசு எனலாம். இப்பங்கசிற்கு வேண்டியன இரண்டு: ஈரம், நெருக்கம். காற்றில் ஈரம் இல்லையேல் வித்திகள் முளைப்பதில்லை. பூச்சிகள் நெருங்கியிருக்கவில்லையேல் ஓர் உடலிற் பிறந்த வித்தி மற்றோர் உடலை அடைவதற்குள் அழிகிறது. மழைக்காலத்தில், பூச்சி பெருகிய கிளைகளில், சில வாரங்களுள் ஒரு கூட்டமே வெளுத்து மாள்வதற்குக் காரணம் இதுவே.

இவ்விடத்திலேதான் ஒரு வினா எழுகிறது. செதிற்பூச்சிக்குப் பங்கசு மட்டுமன்றிப் பிற பகைகளும் உண்டு. பொறிவண்டுகள் அதனைத் தின்கின்றன. குளவிகள் அதன் உடலுள் முட்டையிடுகின்றன. இரையைத் தின்னும் இவ்வுயிர்கள், அவ்விரையிடையே பரவும் நோய்க்குத் துணையா, தடையா? எதிரிக்கு எதிரி நண்பன் என்பது உலக வழக்கு. ஒரே பூச்சிக்கு இரண்டு எதிரிகள் இருப்பின் அவ்விரண்டும் கூடி அதனை விரைவில் ஒழிக்கும் என்றே எவரும் எண்ணுவர். காடுகளிலும் வயல்களிலும் நிகழ்ந்த ஆய்வுகள் இக்கணக்கு அத்துணை எளிதன்று என்பதைக் காட்டியுள்ளன.

தடையாதல் முதலில் நோக்கற்பாலது. இரைகௌவிகள் இரையைத் தொடர்ந்து தின்னும்போது அதன் கூட்டம் ஐதாகிறது. ஐதான கூட்டத்தில் நோய் பரவுவதற்கு வழியில்லை. மேலும் பிணியுற்ற உயிர் சோர்ந்து கிடப்பதால் அதுவே எளிதில் அகப்படும். அதன் உடலில் வித்திகள் முதிர்வதற்கு முன்னரே அது உண்ணப்படின், நோய் அவ்விடத்திலேயே அறுபடும். 2003 ஆம் ஆண்டில் பாக்கர், ஒல்ற் முதலிய அறிஞர்கள், வேட்டையாடும் விலங்குகளை அகற்றினால் மந்தைகளில் நோய் மிகக்கூடும் என்று வாதிட்டனர். கொன்று தின்னும் உயிரே மந்தையின் நலத்தைக் காக்கிறது என்பது கேட்பதற்கு முரணாயினும் கருத்தில் நேரானதே.

அடுத்தது துணையாதல். இங்கிலாந்தின் உறொதம்சுட்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் எலன் உறோய், யூடித் பெல் முதலியோர் 1998 ஆம் ஆண்டளவில் அசுவினிப் பூச்சிகளையும் ஏழு புள்ளிப் பொறிவண்டையும் கொண்டு ஆய்வு செய்தனர். பொறிவண்டு உலாவிய செடிகளில் அசுவினியின் பங்கசு நோய் மிகுதியாகப் பரவியது. வண்டின் உடலில் ஒட்டிய வித்திகள் செடிக்குச் செடி சென்றமை ஒரு காரணம். வண்டிற்கு அஞ்சிய அசுவினிகள் இடம்பெயர்ந்து வித்திகள் கிடந்த இலைகளில் நடந்தமை மற்றொரு காரணம். ஒரிடத்தில் அமர்ந்திருந்தால் நோய்க்குத் தப்பியிருக்கக்கூடிய உயிர், பகைக்கு அஞ்சி ஓடி நோயின் வாயில் விழுந்தது.

காட்டு மரங்களிலும் இவ்வாறே. வேல்ஸ் நாட்டின் இசுபுரூசு மரக் காடுகளில் ஊசியிலைகளைத் தின்னும் ஒருவகைப் புழுக்களிடையே வைரசு நோய் ஒன்று பரவியது. 1970 களில் என்ற்விசில் முதலியோர் அப்புழுக்களை உண்ட பறவைகளின் எச்சத்தை ஆராய்ந்தனர். வைரசு பறவையின் குடலைக் கடந்தும் கேடுறாது வெளிவந்தது. அவ்வெச்சம் பட்ட இலையை உண்ட புழு நோயுற்றது. புழு ஊர்ந்து செல்லும் தொலைவு சில முழம். பறவையோ காட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நொடியில் பறக்கிறது. தானே நடக்கமாட்டாத நோய், தன் விருந்துவழங்கியைத் தின்றவனின் சிறகிலேறிப் பயணம் செய்தது.

தடையும் துணையும் ஒரே காட்டில், ஒரே பூச்சியிடத்து, காலத்திற்கேற்ப மாறி நிகழ்வதும் உண்டு. அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் முன்னர் ஜிப்சி அந்து என்றும் 2022 முதல் பஞ்சு அந்து என்றும் அழைக்கப்படும் பூச்சி இதற்குச் சான்று. 1860 களின் இறுதியில் மசச்சூசெற்சு மாநிலத்தின் மெட்போர்ட் என்னும் ஊருக்கு ஒருவர் ஐரோப்பாவிலிருந்து கொணர்ந்து வளர்த்த இவ்வந்து தப்பிச் சென்று பெருகியது. இதன் மயிர்க்கொட்டிகள் ஓக்கு மரங்களின் இலைகளை அடியோடு தின்பன. இவற்றைக் கொல்லும் வைரசு விந்தையானது. நோயுற்ற மயிர்க்கொட்டி மர உச்சிக்கு ஏறி அங்கே மாள்கிறது. அதன் உடல் கரைந்து கீழுள்ள இலைகளில் வைரசுத் துளிகளாகச் சொட்டுகிறது. இவ்வாறு ஏறச் செய்வது வைரசின் மரபணு ஒன்றே என்பதை 2011 ஆம் ஆண்டில் கெலி ஊவர் முதலியோர் காட்டினர்.

இவ்வைரசு மட்டுமே அந்தின் எதிரியாயின், பெருக்கமும் வீழ்ச்சியும் கடிகாரம்போல ஒழுங்காக மாறிமாறி வருதல் வேண்டும். காட்டில் அவ்வொழுங்கு காணப்படவில்லை. சில வேளை சில ஆண்டுகளிலும் சில வேளை பல ஆண்டுகள் கழித்தும் பெருக்கம் நேர்கிறது. 2004 ஆம் ஆண்டில் கிறெக் டுவையர், யொனதன் டுசோவ், சூசன் யீ ஆகிய மூவரும் இதற்கு விளக்கம் தந்தனர். அந்து அருகியிருக்கும் காலத்தில் அதன் கூட்டுப்புழுக்களைத் தின்னும் எலி முதலிய இரைகௌவிகளே அதனை அடக்கி வைக்கின்றன. அக்காலத்தில் நோய்க்கு வேலையில்லை. எவ்வகையிலேனும் அந்து அவ்வடக்கத்தை மீறிப் பெருகிவிடின், எலிகள் எத்துணைத் தின்றாலும் தீராது. அப்போது வைரசே கொள்ளைநோயாகி அதனை வீழ்த்துகிறது. எந்த ஆண்டில் இந்த எல்லை கடக்கப்படும் என்பது தற்செயலான சிறு மாறுதல்களைப் பொறுத்தது. அவ்வெலிகளின் தொகையோ ஓக்கு மரம் அவ்வாண்டு உதிர்த்த விதைகளைப் பொறுத்தது. ஆக, ஒரு மரத்தின் விதை விளைச்சல் ஒரு புழுவின் பிணியைத் தீர்மானிக்கும் அளவிற்கு இச்சங்கிலி நீள்கிறது.

தென்னிந்தியக் காடுகளும் இவ்வுண்மைக்குப் புறம்பானவையல்ல. கேரளத்தின் நிலம்பூர்த் தேக்கந் தோட்டங்களில் முன்மழைக்குப் பின் இலைதின்னிப் புழுக்கள் திரளாகத் தோன்றித் தேக்கு மரங்களை மொட்டையாக்குகின்றன. இதனால் மரத்தின் வளர்ச்சியில் 44 சதவீதம் இழக்கப்படுகின்றது என்று கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் 1985 ஆம் ஆண்டில் கணித்தனர். 1988 ஆம் ஆண்டில் அந்நிலையத்தினரே இப்புழுவைக் கொல்லும் வைரசு ஒன்றை அறிவித்தனர். பல இனப் பறவைகளும் இப்புழுக்களைத் தேடி வருகின்றன. வைரசைப் பெருக்கி மரங்களில் தெளிக்கும் முயற்சியும் அங்கு மேற்கொள்ளப்பட்டது. நஞ்சிற்குப் பதிலாக நோயைக் கருவியாக்குதல் என்னும் எண்ணம் கவர்ச்சியானதே.

அக்கவர்ச்சிக்கு இலங்கையிலே மிக முன்னரே எச்சரிக்கை விடுத்தவர் ஒருவர் உண்டு. பேராதனையில் 1905 ஆம் ஆண்டு முதல் பங்கசியலாளராக இருந்தவரும், 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளருமான தொமசு பெச்சு என்பவரே அவர். அந்நிலையம் பின்னர் பூண்டுலோயாவிற்கு அயலிலுள்ள தலவாக்கலையில் நிலைபெற்றது. பூச்சிகளைக் கொல்லும் பங்கசுகளை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்ற பெச்சு, அப்பங்கசுகளைச் செயற்கையாகத் தூவிப் பூச்சிகளை ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கையை ஏற்கவில்லை. பங்கசு தோட்டத்தில் ஏற்கெனவே உள்ளது. தட்பவெப்பமும் பூச்சியின் நெருக்கமும் இடங்கொடுக்கும்போது அது தானே பெருகும். இடங்கொடாதபோது தூவினாலும் பெருகாது என்பது அவர் துணிபு. தம் வாழ்நாள் ஆய்வுப் பொருளின் ஆற்றலை மிகைப்படுத்த மறுத்த அந்த நேர்மை போற்றத்தக்கது. அவர் நோயையும் சூழலையும் இணைத்து நோக்கினார். அவ்விணைப்பினுள் இரைகௌவியும் காவலாளியும் எவ்வாறு புகுகின்றன என்பதைப் பின்வந்தோர் கண்டனர்.

காவலாளி என்பது எறும்பு. செதிற்பூச்சி வெளிவிடும் இனிய கழிநீரை விரும்பி எறும்புகள் அதனை மொய்க்கின்றன. கைம்மாறாக அதன் பகைகளைத் துரத்துகின்றன. கிறீன் பெயரிட்ட அதே பச்சைச் செதிற்பூச்சி கோப்பியுடன் உலகெங்கும் பரவி மெச்சிக்கோ நாட்டையும் அடைந்தது. அங்கே சியாப்பாசு மாநிலக் கோப்பித் தோட்டங்களில் யோன் வந்தர்மீர், இவெற்றி பெர்பெக்ரோ ஆகியோர் பல ஆண்டுகளாக ஆய்வு செய்தனர். நிழல் மரங்களில் கூடு கட்டும் அசுதேக்கா என்னும் எறும்பு அருகிலுள்ள கோப்பிச் செடிகளில் இப்பூச்சியைக் காக்கிறது. வளர்ந்த பொறிவண்டை எறும்பு விரட்டுகிறது. அவ்வண்டின் குடம்பியோ மெழுகு இழைகளைப் போர்த்திருப்பதால் எறும்பின் கடிக்குத் தப்பி, எறும்பின் காவலுள்ளேயே இருந்து செதிற்பூச்சியைத் தின்கிறது.

எறும்பின் காவலால் செதிற்பூச்சி அளவின்றிப் பெருகுகிறது. அளவின்றிப் பெருகிய கூட்டத்தில் வெண்வளையப் பங்கசு புகுகிறது. பகைகளிடமிருந்து காக்கப்பட்ட கூட்டமே நோய்க்கு முழு இரையாகிறது. கதை இத்துடன் முடியவில்லை. அவ்வெண்வளையப் பங்கசு பூச்சியைக் கொல்வதோடமையாது, கோப்பித் துருநோய்ப் பங்கசையும் தாக்குகிறது என்பதற்குச் சான்றுகளை வந்தர்மீர் குழுவினர் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இலங்கையின் கோப்பியை அழித்த துரு, அதனுடன் சேர்ந்து வந்த பச்சைப் பூச்சி, அப்பூச்சியைக் கொல்லும் பங்கசு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றிய கண்ணிகள் என்பது, துருநோய்க்குப் பெயரிடப்பட்டு 140 ஆண்டுகள் கழிந்தபின், கடல் கடந்த ஒரு நாட்டிலே தெரியவந்தது. பூச்சியை முற்றாக ஒழித்த தோட்டத்தில் பங்கசிற்கு வாழ்விடம் இல்லை; பங்கசு இல்லாத தோட்டத்தில் துருவை எதிர்ப்பதற்கு ஒரு துணை குறைகிறது.

இவ்வகைக் கண்ணி ஒன்றை அறுத்தால் விளைவது என்ன என்பதற்குத் தேயிலையே சான்று தருகிறது. இலைகளைப் பிணைத்துச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் ஒரு புழு இலங்கைத் தேயிலைக்குப் பெருங்கேடு செய்துவந்தது. 1935–36 ஆம் ஆண்டுகளில் 'மக்குறோசென்றசு ஒமோனே' என்னும் சிறு குளவி சாவகத்திலிருந்து கொணரப்பட்டு மலைகளில் விடப்பட்டது. அது புழுவின் உடலுள் முட்டையிட்டுப் பெருகிப் புழுவை அடக்கியது. உலகில் உயிரியல் முறையாற் பெற்ற வெற்றிகளுள் இது குறிப்பிடத்தக்கது. பின்னர் 1950 களில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டிற்கு எதிராக டீல்றின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அந்நஞ்சு சுருண்ட இலைக்குள் மறைந்திருந்த புழுவைவிட வெளியே பறந்து திரிந்த குளவியையே மிகுதியாகக் கொன்றது. அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் தலைதூக்கியது. ஒரு பகையை ஒழிக்க அடித்த மருந்து, மற்றொரு பகையின் காவலை உடைத்தது.

அம்மருந்தை முதுகிற் சுமந்து அடித்தவர் யார் என்ற வினாவும் இவ்விடத்தில் தவிர்க்கமுடியாதது. ஆராய்ச்சியாளர்க்கு ஏட்டிலும், துரைமார்க்குக் கணக்குப் புத்தகத்திலும் தெரிந்த இந்தப் போர், தொழிலாளியின் கையிலும் மூச்சிலும் நிகழ்ந்தது. பூச்சி பெருகினால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் கூலி குறையும். மருந்து மிகுந்தால் உடல் கெடும். இவ்விரண்டிற்கும் இடையில் வாழ்பவர்க்கு, இரைகௌவியும் நோயும் பற்றிய அறிவு புலமைப் பொழுதுபோக்கு அன்று.

மருந்து கேடாயின் அதனை ஒரே நாளில் நிறுத்திவிடலாமே என்பார்க்கு 2021 ஆம் ஆண்டு விடையளித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் குன்றி, உழவரும் தோட்டத்தாரும் இடருற்ற நிலையில் அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை கைவிடப்பட்டது. பல்லாண்டு நஞ்சு கண்ட நிலத்திலே பொறிவண்டும் குளவியும் பங்கசும் ஓர் அரசாணையின் நாளிலே திரும்பி வருவதில்லை. கண்ணிகளை அறுப்பதற்கு ஒரு தெளிப்புப் போதும். பிணைப்பதற்குப் பல பருவங்கள் வேண்டும். நஞ்சை நம்பிய காலமும் அதனை நாளொன்றில் விலக்கிய காலமும் ஒரே பிழையின் இரு முகங்களேயாகும். ஓர் எதிரிக்கு ஒரு மருந்து என்ற எளிய கணக்கே இரண்டிற்கும் அடிப்படையாய் அமைந்தது.

ஆதலின் பகை நல்லதா, பிணி நல்லதா என்னும் வினாவே பிழையானது. எந்த நெருக்கத்தில், எந்தப் பருவத்தில், எது எதனை முந்துகின்றது என்பதே கேட்கற்பாலது. பொறிவண்டு முந்தின் நோய் தணியும். எறும்பு காப்பின் நோய் மூளும். பறவை வரின் நோய் பறக்கும். இவ்வினாவிற்கு விடை, ஆய்வுகூடத்தில் மட்டுமன்றிச் செடியின் முன்னே நின்று திரும்பத் திரும்பப் பார்ப்பதனாலே கிட்டும்.

அவ்வாறு திரும்பத் திரும்பப் பார்ப்பவர் மலையகத்தில் இல்லாமலில்லை. கிறீன் பூண்டுலோயாவில் உருப்பெருக்குக் கண்ணாடியுடன் நின்ற நாளிலும், இன்றும், ஏறத்தாழ வாரத்திற்கொரு முறை ஒவ்வொரு செடியின் முன்னும் நின்று அதன் தளிரைக் கையாற் தொடுபவர் கொழுந்து பறிக்கும் பெண்களே. எந்த மலையில் இலை முதலில் சுருண்டது, எந்த வரிசையில் எறும்பு மொய்த்தது, எந்த மழைக்குப் பின் பூச்சி வெளுத்தது என்பன அவர்கள் கண்ணுக்குத் தெரியாமற் போவதில்லை. அவர்களிடம் கேட்டவரும் கேட்டதை எழுதியவரும் அரியர். அத்தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்து உயிரியல் பயிலும் மாணவர் இன்று உளர். தாயின் கண் கண்டதையும் நூலின் மொழி சொல்வதையும் ஒருங்கே அறியக்கூடியவர் அவர்களே. செதிற்பூச்சிகளின் பெயரோடு உலக நூல்களில் ஏறிய பூண்டுலோயாவின் பெயர், அவற்றின் பகையும் பிணியும் பற்றிய அறிவோடும் ஒருநாள் ஏறுமாயின், அதனை எழுதும் கை அம்மலைகளிலேயே பிறந்த கையாக இருத்தல் பொருத்தமாகும்.